சொல்லிவிட்டுப் போகிறவர்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே ஒரு முறை, சொல்லக் கூடாத ஒரு மேடையில், மைக்கில், அதுவும் நன்றியோடு சொல்லிவிட்டேன். அந்த ஒரு தடவையே அவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

காவல் நிலையத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். மரக்காணம் உப்பளக் கரையோரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். மரக்காணத்து நிலையம் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது என் உடம்புக்கு நல்லது.

நான் அப்போது அந்த ஊர்க் கிளை நூலகத்தில் நூலகர். தினமும் பேப்பர் படிக்க ஏழு பேர் வருவார்கள். எட்டாவதாக ஒருவர் வருவார், ராசிபலன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போக. மீதி நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். அவை நகைச்சுவைக் கட்டுரைகள்தாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. தலைப்புக்கு மேலே அப்படிப் போட்டிருப்பார்கள்.

2005 ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடவில்லை. கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்களெல்லாம் இடுப்பு மெலிந்து, சிலது இருந்த இடமே தெரியாமல் போயின. காவல் நிலையத்தின் பழைய ஓட்டுக் கூரை வழியாக இறங்கிய தண்ணீர் பதிவேட்டு அறையில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. வடிந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் எனக்கு ஆள் அனுப்பினார்.

"சார், உங்களுக்குப் புக்கு காய வைக்கத் தெரியுமா?"

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கேள்வி கேட்டால் 'தெரியும்' என்பது பாதுகாப்பா, 'தெரியாது' என்பது பாதுகாப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரியும் என்றேன்.

"நல்லதாப் போச்சு. தையில புது பில்டிங் தொறக்குறோம். டி.எஸ்.பி. வர்றாரு. நம்ம ஸ்டேஷன் ஹிஸ்டரிய ஒரு சின்ன புக்கா போட்டுடலாம்னு இருக்கேன். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் சார் இது. உப்பு திருடறவனைப் புடிக்கப் போட்ட சாவடி. எல்லாத்தையும் காய வச்சு, படிச்சு, எழுதிக் குடுத்துடுங்க. நீங்கதான் எழுதுற ஆளாச்சே."

"லைப்ரரி வேலை இருக்குது சார்…"

"மதியானத்துல அங்க யார் வர்றாங்க?"

விசாரித்து வைத்திருந்தார். நம் காவல்துறை துப்பு துலக்குவதில்லை என்று சொல்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அன்றிலிருந்து தினமும் மதியம் என் சைக்கிள் ஸ்டேஷன் வாசலில் நின்றது. ஒரே வாரத்தில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் ஏழிலிருந்து நாலாகக் குறைந்தார்கள். டீக்கடைக்காரர், "கவலப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரம்மதேசத்திலிருந்து என் மச்சான் வந்து, வக்கீல் வைப்பதாக இருந்தால் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று என் மனைவியிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் சொல்லப் போவதில்லை என்றேனே, அவரை முதலில் பார்த்தது அந்த வாரத்தில்தான். ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரையும் அவர் நிற்கும் இடத்தையும் பாரா என்பார்கள். பாராவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் அறுபது தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி. உப்புத் தண்ணீரில் நாற்பது வருஷம் நின்ற பாதங்கள், வெள்ளை வெடிப்பு விட்டு. சட்டைப் பையில் ஒரு பால்பாயின்ட் பேனா. அவர் எழுந்து பாராவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, பின்னாடி வேப்பமரத்துகிட்ட ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்."

பாராக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்குப் பிறகுதான் அவர் நகர்ந்தார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்.

"ஐயா, வந்துட்டேன்."

கைதி என்று நினைத்தேன். ஸ்டேஷனின் எழுத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான ஏட்டையாவிடம் கேட்டேன்.

"அவரா? நம்ம கேடி சார்" என்றார், நம்ம ஊர்த் தேர் என்பது மாதிரி.

திருட்டை வழக்கமாகக் கொண்டவர் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டால் அவர் பேரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறப்பார்கள். ஷீட் என்பார்கள். திறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் ஒரு ராத்திரி தங்குவதென்றாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இவர்கள் அந்த ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்வார்கள். அங்கிருந்து ஆள் போய், வந்திருக்கிறாரா என்று வாசலில் நின்று பார்ப்பார்கள். ஒழுங்காக இருந்தால் ஷீட்டை மூடலாம் என்றும் விதி இருக்கிறது. ஆனால் மூடுவதற்கு, இவன் திருந்திவிட்டான் என்று ஓர் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு எங்காவது ஒரு சைக்கிள் காணாமல் போனால் அந்தக் கையெழுத்தைத் தேடுவார்கள். அதனால் வந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் போகும்போது மேஜை, நாற்காலி, பீரோ சாவியோடு அவரையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

சட்டப்படி அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். தினமும் வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தா, மத்த ஆறு நாளு எங்கடா இருந்தேன்னு கேக்கறாங்க சார். தெனம் வந்துட்டா கேள்வியே இல்ல பாருங்க."

பேனாவும் அந்தக் கணக்கில்தான். ஸ்டேஷனில் ஒருநாளும் பேனா இருக்காது. பேனா தேடுகிற நேரத்தில் அதிகாரிக்குக் கோபம் வரும். கோபம் யார் மேல் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

சொல்லிவிட்டுப் போவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஸ்டேஷனில் மட்டும் என்றில்லை. உப்பளத்தில் மேஸ்திரியிடம், "அஞ்சாவது பாத்தியில இருக்கேன்" என்பார். டீக்கடையில், "டம்ளர் கழுவற பக்கம் நிக்கறேன்" என்பார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், எந்த ஊரில் இறங்குவேன் என்பதோடு, இறங்கி எந்தப் பக்கம் நடப்பேன் என்பதையும் சொல்வார். பையன்கள் கிண்டல் செய்வார்கள். "பெருசு, நான் வீட்டுக்குப் போறேன், கொஞ்சம் எழுதிக்க" என்று ஒரு கான்ஸ்டபிளே ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவரும் சிரித்துக்கொண்டே, "சரிங்க ஐயா, எத்தினி மணின்னு போடட்டும்?" என்றார்.

ரோந்து போகிறவர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து, "இருக்கேங்க ஐயா" என்று குரல் வர வேண்டும். அவர் அசந்து தூங்கினால் மனைவி, "இருக்காருங்க" என்பாளாம். அந்த அம்மா செத்துப்போன அன்று சாயங்காலமே ரோந்து வந்துவிட்டது. புதிதாக வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குரல் கொடுத்திருக்கிறார்.

"இருக்கேங்க ஐயா. அவதான் இல்ல."

இதை எனக்குச் சொன்னவர் ஏட்டையா. கூப்பிட்ட இருவரில் அவர் ஒருவர்.

பதிவேடு காய வைக்க அவரைத்தான் எனக்கு உதவிக்குக் கொடுத்தார்கள். நான் தாளுக்கிடையில் செய்தித்தாள் வைத்து எடுக்கும் நூலக முறையைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சேற்றைக் கலக்காமல் மேலாக உப்பை வழிக்கிற அதே கையால் ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் பிரித்தால் இரண்டு தாள் மூன்றானது. அவர் பிரித்தால் இரண்டு, இரண்டாகவே வந்தது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே லத்திகளை வைத்து, தோய்த்த துணி மாதிரி பதிவேடுகளைத் தொங்கவிட்டார். தனித் தாள்களை லாக்கப் கம்பிகளில் கிளிப் போட்டு மாட்டினார். யாரையாவது பிடித்துக்கொண்டு வந்தால் ஏட்டையா கூப்பிடுவார்.

"சார், ஹிஸ்டரிய கொஞ்சம் நகர்த்துங்க. ஆள் உள்ள போகணும்."

குடித்துவிட்டு வந்த ஒருவர் உள்ளே இருந்தபடி, கம்பியில் தொங்கிய ஒரு தாளை நெடுநேரம் படித்துவிட்டு, "இது எங்க தாத்தா பேரு சார்" என்றார். அந்த நூலகத்தில் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவ்வளவு ஈடுபாடுள்ள வாசகரை நான் பார்த்ததில்லை.

தாள்கள் காய்ந்தன. ஆனால் பாதியில் மை இல்லை. அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். நான் எழுத்தைக் கூட்டித் தடுமாறும் இடத்தில், பக்கத்திலிருந்து, கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பார்.

"முன்னே வாசல் வடக்கே இருந்துச்சு சார். ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. ரெண்டு பொண்ணு, கல்யாணம் தள்ளிக்கிட்டே போச்சு. ஜோசியர் சொல்லி வாசலை இடிச்சுக் கெழக்கே வச்சாரு."

"பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"அவருக்கு டிரான்ஸ்பர் ஆச்சு சார்."

யார் காலத்தில் கிணறு தூர்ந்தது, யார் கையெழுத்துக்குப் பேனா கொடுப்பார், யார் கையெழுத்துப் போடத் தெரிந்தவனையும் கைநாட்டு வைக்கச் சொல்வார், எந்த இன்ஸ்பெக்டர் லாக்கப்பில் முருங்கைக்காய் காய வைத்தார், எல்லாம் அவரிடம் வரிசையாக இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய்விட்டார்கள். போக முடியாதவர் அவர் ஒருவர்தான். ஆகவே சரித்திரம் அவரிடம் தங்கிவிட்டது. நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் பத்து அவருடையது. மீதி இரண்டு பக்கத்துக்கு நான் பெயரடை போட்டேன்.

அவர் என்னதான் செய்தார் என்று கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

"நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். ஃபுட் வால்வு." உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் குழாய் நுனியில், தண்ணீருக்குள் கிடக்கிற சாமான் அது. "பித்தளை."

"எதுக்கு எடுத்தீங்க?"

யோசித்தார். "பளபளன்னு இருந்துச்சு சார்."

அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்த இஞ்சின் காணாமல் போனாலும் வண்டி அவர் வீட்டுக்கு வந்தது. "பெருமுக்கல்ல ஒரு மோட்டார் போச்சு. அந்த ஊர நான் பார்த்ததே கெடையாது. ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, எடத்த அடையாளம் சொல்றதுக்கு. மலை மேல நல்ல கோயிலு சார். நீங்க பார்த்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருபது வருஷம் கழித்தவன் நான்.

அவருக்கு ஒரே மகள். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது நடுவில் இருந்த தரகர், அப்பாவுக்கு போலீஸ் ஸ்டேஷனில் வேலை என்று சொல்லிவிட்டார். அதை யாரும் திருத்தவில்லை. அந்த ஸ்டேஷனில் அவரைவிட அதிகம் வேலை பார்த்தவர்கள் கிடையாது என்பதால் நானும் அதைப் பெரிய பொய்யாக நினைக்கவில்லை. கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் போய், தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். ஆறு வருஷமாகிறது. மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

மார்கழியில் ஒருநாள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்.

"பேத்திக்குக் காது குத்தறாங்க சார். தையில. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். எம் பொண்ணுக்கு அண்ணன் தம்பி இல்ல. நான்தான் உக்காரணும்னு ஃபோன்ல அழுவுது."

"போக வேண்டியதுதானே?"

"காலைல ஆறரைக்கு முகூர்த்தம் சார். முந்தின நாளே போய்த் தங்கணும். தங்கினா இங்க சொல்லணும். சொன்னா இவங்க அங்க சொல்லுவாங்க. ரெண்டு பேர் வந்து சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க." லேசாகச் சிரித்தார். "கூப்பிட்டா நான் இருக்கேங்க ஐயாம்பேன் சார். வாய் தானா சொல்லிடும்."

இரண்டு நாள் கழித்து அவருடைய ஷீட் கையில் வந்தது. மூலையில் ஒட்டியிருந்த படம் மட்டும் தப்பியிருந்தது. நிறைய முடியோடு, பயந்த ஓர் இளைஞன். மற்றதெல்லாம் கரைந்து, ஒரு பெரிய நீலக் கறை. ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் ஏட்டையாவைப் பார்த்தேன்.

"படிக்க முடியாததையெல்லாம் 'அழிந்தது'ன்னு லிஸ்ட்ல போடச் சொல்லியிருக்காரு இன்ஸ்பெக்டர் ஐயா" என்றார் ஏட்டையா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்னுது அழியல ஐயா" என்றார் அவர் பின்னாலிருந்து. "எழுதிக்குங்க சார். நான் சொல்றேன்."

சொன்னார். கைகளைக் கட்டிக்கொண்டு, நின்றபடி. வழக்கு எண், பிரிவு, எந்தக் கோர்ட், எத்தனை மாதம். ஃபுட் வால்வு. பார்த்தறியாத பெருமுக்கல் மோட்டார். வலது புருவத்தில் தழும்பு. நான் நாலு முழுத்தாள் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"நீங்க விட்டுடுவீங்க சார். அடுத்த வருஷம் புது ஆபீசர் வருவாரு. யாரு இவன், எதுக்கு தெனம் வந்து உக்கார்றான்னு கேப்பாரு. ஷீட் இல்லேன்னா நான் சும்மா சுத்தற ஆளு. சும்மா சுத்தற ஆளுக்குப் புதுசா ஒண்ணு தொறப்பாங்க. பழசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். புதுசுல என்ன எழுதுவாங்களோ."

பதில் இல்லாத இடத்தில் நல்ல காரியம் செய்துவிடுவது என் பழக்கம். அந்த நாலு தாளையும் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஏட்டையா லிஸ்டில் 'அழிந்தது' என்று எழுதினார். மூன்று நாள் கழித்து அவரிடம் சொன்னோம். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் எதுல கையெழுத்து போடறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பேனாவை எடுத்தார். மேஜையைப் பார்த்தார். திரும்பவும் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நான் விடவில்லை. தினமும் ஓதினேன். "காது குத்துக்குப் போங்க. ஷீட்டே இல்ல. யாரு யாருக்குச் சொல்லப் போறாங்க? பில்டிங் தொறக்குற அன்னைக்கே கெளம்புங்க. எல்லாரும் தோரணம் கட்டிக்கிட்டு இருப்பாங்க. உங்களைத் தேட ஆள் இருக்காது." மற்றவர்கள் விஷயத்தில் நான் எப்போதும் தைரியசாலி.

திறப்பு விழா அன்று காலை நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் மஞ்சள் பையுமாக வந்து நின்றார்.

"சார், பண்ருட்டிக்குப் போறேன். இன்னைக்கு அங்க தங்கறேன். நாளைக்கு மதியத்துக்கு மேல கெளம்பி வந்துடுவேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லன்னுதானே இத்தனை நாள் சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"யார்கிட்டயும் சொல்லாம எப்படி சார் போறது? பாராவுல சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட."

நின்றுகொண்டே இருந்தார். எதற்கு என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

மாலையில் விழா. ரிப்பன், குத்துவிளக்கு, கேசரி. புத்தகத்திலிருந்து கொஞ்சம் வாசிக்கும்படி என்னை மேடைக்கு அழைத்தார்கள்.

இங்கே என்னுடைய ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் படிப்பது நன்றி சொல்லும் பக்கத்தைத்தான். பல புத்தகங்களில் அதோடு நிறுத்தியும் இருக்கிறேன். அப்படியொரு பக்கம் நாமும் எழுத வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. திண்டிவனத்தில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது கடைசிப் பக்கத்தின் அடியில் இடம் இருப்பதைக் கண்டு நாலு வரி சேர்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் தன் பெயர் இருந்த முதல் பக்கத்தோடு திருப்தியடைந்து அனுமதித்துவிட்டார். அந்த ஸ்டேஷனில் ஒரே ஒரு தாளிலாவது, எனக்குச் சரித்திரம் சொன்னவரின் பெயர் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் நல்லெண்ணத்தில்தான் செய்தேன். நல்லெண்ணத்தைத் தனியாக விசாரிக்க ஒரு ஸ்டேஷன் வேண்டும்.

மைக்கில் வாசித்தேன். அவர் பெயர், அப்பா பெயர், ஊர். "இவருடைய நினைவாற்றல் இல்லையேல் இந்நிலையத்துக்குச் சரித்திரமே இல்லை."

பின்வரிசைக் கான்ஸ்டபிள்கள் கை தட்டினார்கள். டி.எஸ்.பி.யும் தட்டினார். நல்ல மனிதர். இன்ஸ்பெக்டர் பக்கம் சாய்ந்து, "ரிட்டயர்டு ஏட்டா? கூப்பிடுங்க, அவருக்கும் ஒரு சால்வை போட்டுடுவோம்" என்றார்.

இன்ஸ்பெக்டரின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"வரல சார்."

"ஏன் வரல?"

உதவும் எண்ணத்தோடு ஒரு கான்ஸ்டபிள் பையன், "காலைலேர்ந்தே ஆளக் காணோம் சார். தெனம் வந்துடுவாரு" என்றான்.

"அவரு… நம்ம லிமிட் கேடி சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

டி.எஸ்.பி. சால்வையை மடித்தார். எல்லோரும் உள்ளே போனோம். புது பெயின்ட் வாசனை. ஷீட்டைக் கேட்டார். ஏட்டையா லிஸ்டை நீட்டினார்.

"ஷீட் அழிஞ்சுபோச்சு. ஆளும் இல்ல. அவன் சொன்ன கதை மட்டும் புக்கா வந்திருக்கு." குரலை உயர்த்தவில்லை. ஏட்டையாவைப் பார்த்தார். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தனை மாசம் இருக்குது?"

ஏட்டையாவின் வாய் அசைந்தது, எண் வரவில்லை. நான் பையைத் திறந்து நாலு தாளையும் மேஜைமேல் வைத்தேன்.

"எழுதியாச்சு சார். சேர்க்கத்தான் பாக்கி."

ஏட்டையாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மைதான். அவருக்கு ஏழு மாசம் இருந்தது.

"ஆள் எங்க?"

"பேத்திக்குக் காது குத்துன்னு…"

"எனக்கே காது குத்தறீங்களா?"

தொழில்முறை நகைச்சுவையாளன் உட்பட யாரும் சிரிக்கவில்லை. நம்ப மாட்டார் போலிருக்கிறதே என்ற பதற்றத்தில் பண்ருட்டி என்றேன். பலாப்பழ மண்டி என்றேன். சம்பந்தியின் பெயரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன். விவரம் கூடக்கூட உண்மை மாதிரி இருக்கும் அல்லவா, எழுதுகிறவனுக்குத் தெரிந்த வித்தை அது. அடுத்த அறையில் வயர்லெஸ் கரகரத்தது. நான் சொன்ன தெரு, எழுத்துப் பிசகாமல், காற்றில் போனதைக் கேட்டேன்.

கொண்டுவந்த சால்வையை வீணாக்க வேண்டாம் என்று எனக்குப் போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் மிச்சப் பிரதிகளிலெல்லாம் கடைசி நாலு வரி வெள்ளை மை தடவி அழிக்கப்பட்டது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைச் செய்தவரும் ஏட்டையாதான். அழியாமல் இருப்பது அந்த நாலு தாள். இப்போதும் அங்கே இருக்கும் அவருடைய சரித்திரப் பதிவேடு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் எழுதியவற்றில் தொடர்ந்து படிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

விழாவுக்கு மறுநாள் சாயங்காலம் அவர் நூலகத்துக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"வந்துட்டேன் சார்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் அவரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

"ரெண்டு பேர் வந்தாங்க சார். நல்ல பசங்கதான். உள்ள வரல. பந்தல்ல நின்னு பேரைச் சொன்னாங்க."

"நீங்க?"

"இருக்கேங்க ஐயான்னுட்டேன்."

மாடியில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் தொடர்ந்தார்.

"ஆசாரி வலது காது முடிச்சிட்டு ஊசியத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. சம்பந்தி அம்மா வந்து புள்ளையத் தூக்கிட்டாங்க. கோவமா ஒண்ணும் பேசல. புள்ள பயப்படுதுன்னாங்க. அது பயப்படல சார். என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இன்னொரு காது மாப்பிள்ளையோட அண்ணன் மடியில." மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் அந்தப் பசங்களோட வாசல்ல நின்னேன். எம் பொண்ணு எலை கொண்டாந்து அங்கயே போட்டுச்சு. மூணு பேருக்கும்."

"நான்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். தெரு பேரு வரைக்கும் வயர்லெஸ்ல வந்துச்சுன்னு அந்தப் பசங்க சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும்தானே சொல்லிட்டுப் போனேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இப்போதும் தேடுகிறேன். ஒரு தகவலைச் சரிபார்க்கிற குரல்தான்.

"ஒரு காது என் மடியில சார்" என்றார். "வலது காது."

பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்குப் போறேன் சார். போயி, வந்துட்டேன்னு சொல்லணும்."

போகவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றார். நான் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், ராசிபலன் கிழிக்கப்பட்டிருந்த அன்றைய பேப்பரைப் பார்த்தேன். நிமிர்ந்தபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் ஆட்டாதவரை அவர் போக மாட்டார் என்று தெரிந்தது.

தலையை ஆட்டினேன்.